"அந்த வீடு சரியில்ல": மலையகக் குடும்பங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் இருபத்தாறு வருடம் கற்பித்தேன். பாடம் சம்பந்தமாக என்னிடம் கேள்வி கேட்ட பெற்றோர் கொஞ்சம் பேர்தான். வீட்டைப் பற்றிக் கேட்டவர்கள் அதிகம். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, கோயில் வாசலில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என்று எங்கெங்கோ கேட்டார்கள். அப்படிக் கேட்டதை ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். நான் வைத்தியரும் இல்லை, வக்கீலும் இல்லை. படித்ததையும் பார்த்ததையும் வைத்துப் பதில் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். என் வீட்டுக் கதையை மட்டும் மாற்றவில்லை.

எங்கள் வீட்டில் தினமும் சண்டை. அப்போ எங்களுடையது கெட்ட குடும்பமா?

சண்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். லயம் என்று நாம் சொல்லும் வரிசைக் குடியிருப்பில், காம்பரா என்கிற ஒற்றை அறையில் ஏழு பேர், ஓர் அடுப்பு. ரொட்டி சுட்டு, பிள்ளைகளைக் கிளப்பி அனுப்பிவிட்டு, பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்டத்தில் பேர் கொடுக்க, ஓட வேண்டும். சத்தம் வரத்தான் செய்யும். சத்தமே வராத வீட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம்.

சண்டைக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு புருசன் பெண்டாட்டி சாயங்காலம் லயமே கேட்கக் கத்திக்கொள்வார்கள். ஏழு மணிக்கு அவர் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தபடி, "தேத்தண்ணி இருக்கா?" என்பார். அந்த அம்மா டம்ளரை 'ணங்'கென்று வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி அதே பலகையில் உட்காருவார். மன்னிப்பு என்ற சொல்லே வராது. ஆனால் சண்டை அத்தோடு சரி.

இன்னொரு வீட்டில் சண்டை ஐந்து நிமிடம்தான், அதற்குப் பிறகு மூன்று நாள் பேச்சில்லை. "அப்பாகிட்ட சொல்லு, அரிசி முடிஞ்சிருச்சுன்னு" என்பார் அம்மா. அப்பா மூன்றடி தூரத்தில்தான் இருப்பார். "அரிசி வாங்க காசில்லன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு" என்று பதில் வரும். இரண்டுக்கும் நடுவில் தபால்காரனாக நின்ற பையன் என் வகுப்பில் இருந்தான். ஒன்பது வயது. எதைக் கேட்டாலும் முதலில் பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்ப்பான்.

அமெரிக்காவில் ஜோன் கொட்மன் என்ற உளவியலாளர் கணவன் மனைவியர் சண்டை போடுவதையே பல வருடம் படம் பிடித்து ஆராய்ந்தவர். உறவை அதிகம் அரிப்பது கோபம் என்று அவர் சொல்லவில்லை, இளக்காரம் என்கிறார். "ஒனக்கென்ன தெரியும்" என்று உதட்டைச் சுழித்துச் சொல்வது, சொந்தக்காரர் முன்னால் அவளைப்போலவே பேசிக்காட்டிச் சிரிக்க வைப்பது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். பாத்திரம் பறக்கும் வீட்டில்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். சிரித்துக்கொண்டே மட்டம் தட்டும் வீடுகளும் இருக்கின்றன.

சரியில்லாத வீடு என்று எதை வைத்துச் சொல்வது?

புத்தகங்களில் இதற்கு நீளமான பெயர்கள் உண்டு. தோட்டத்தில் "அந்த வீடு சரியில்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். என்னைக் கேட்டால் அடையாளம் ஒன்றுதான்: அந்த வீட்டில் எல்லோரும் ஒரே ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் மூச்சு விடுவார்கள்.

எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது. அப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை. றோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு நாற்பத்திரண்டு படி. பத்தாந்தேதி சம்பளம் போட்டால் பொழுதுபட்ட பிறகு நாங்கள் மூன்று பிள்ளைகளும் படிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்போம். தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் நின்று செருமினார் என்றால் அன்றைக்குப் பயமில்லை. செருமாமல், படி தவறித் தவறி, நடுவில் நின்று நின்று வந்தால் தங்கச்சி கொப்பிகளைச் சுருட்டிப் பெட்டிக்குப் பின்னால் போடுவாள். அம்மா சோற்றுப் பானையை இறக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார். பானை உதைபட்டால் இராத்திரிச் சாப்பாடு இல்லை, அதனால். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. காலையில் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அம்மா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருப்பார், அப்பா தேத்தண்ணி கேட்பார்.

குடிகாரர் வீட்டுப் பிள்ளைகளோடு வேலை செய்த கிளோடியா பிளாக் என்ற அமெரிக்கப் பெண்மணி 1980களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகளின் எழுதாத சட்டம் மூன்று என்று சொன்னார்: பேசாதே, நம்பாதே, உணராதே. வயது முப்பது தாண்டிய பிறகுதான் இதைப் படித்தேன். அந்தப் பெண்மணி எங்கள் லயத்துக்கு வந்துவிட்டுப் போனாரோ என்றிருந்தது.

குடிதான் எங்கள் பிரச்சினை. அதை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். மீதிக்கு நாள் பிடிக்கும். காசு மிஞ்சும், அடி குறையும், பிள்ளைகள் தூங்குவார்கள். ஆனால் பத்து வருடமாக அவருடைய குடியைச் சுற்றியே வீடு பழகியிருக்கிறது. எல்லா முடிவையும் தனியாக எடுத்துப் பழகிய மனைவியிடம், குடியை விட்ட மூன்றாம் மாதம் அவர் வந்து "இனிமே நான்தான் கணக்குப் பார்ப்பேன்" என்றால் புதுச் சண்டை தொடங்கும். அதைப் பார்த்து, "குடிச்சப்பவே பரவாயில்ல" என்று சொல்பவர்களும் உண்டு. அவசரப்பட்டுச் சொல்கிற வார்த்தை அது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் கோயிலில் சத்தியம் செய்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். "மாலை போட்டான், சாமி குத்தம் ஆயிருச்சு" என்று லயத்தில் சொல்வார்கள். அது சாமி குத்தம் இல்லை. உடம்பு சாராயத்துக்குப் பழகிப்போனதன் விளைவு. அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் காட்டி, மருந்தோடு நிறுத்தலாம்.

அப்புறம், "அவர் நல்லவருதான் டீச்சர், குடிச்சாத்தான் இப்படி." நூறு பேர் சொல்லியிருக்கிறார்கள். குடித்துவிட்டு வரும் அவர் கணக்குப்பிள்ளையை அடிக்கிறாரா, தோட்ட மேனேஜரான துரையை அடிக்கிறாரா? யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்பது எவ்வளவு போதையிலும் அவருக்குத் தெரிகிறது.

பத்தடிக் காம்பராவும் வறுமையும்தானே காரணம்? ஆட்களைக் குறை சொல்லி என்ன பயன்?

பாதி உண்மை. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் கல்யாணமான மகன் ஒரு மூலையில், வயதுக்கு வந்த தங்கச்சி ஒரு மூலையில், இருமும் தாத்தா ஒரு மூலையில் படுக்கும்போது கோபம் ஆறுவதற்குக்கூட இடமில்லை. வெளியே போனால் மழை, உள்ளே வந்தால் மாமியார். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். பதிவு பெரும்பாலும் மாமனார் பெயரிலோ புருசன் பெயரிலோ இருக்கும். "போறேன்" என்று சொல்கிற பெண்ணுக்குப் போக ஒரு திண்ணையும் கிடையாது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, பத்திரம் யார் பெயரில் என்பதுதான்.

நாம் அதிகம் பேசாத ஒன்றும் இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பதாகவும் 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்றும் முடிவானது. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கணக்கில் ஆட்களைப் பிரித்தபோது அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று வீடுகளும் பிரிந்தன. என் பெரியப்பாக்கள் இரண்டு பேர் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்கள், கூடலூர்ப் பக்கம் குடியேறினார்கள். அப்பா ஸ்டேசன் வரைக்கும் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அண்ணன்மாரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. குடி எப்போது தொடங்கியது என்று அம்மாவைக் கேட்டால், "அவுங்க போன வருசம்" என்பார்.

ஆனாலும் அதே லயத்தில், அதே சம்பளத்தில், இரண்டு காம்பரா தள்ளி ஒரு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்காரரின் தம்பியும் கப்பல் ஏறிப் போனவர்தான். தீபாவளிக்குத் தீபாவளி கடிதம் எழுதுவார். எழுதியதைப் பிள்ளைகளை உட்கார வைத்து வாசித்தும் காட்டுவார்.

சம்பளம் யார் கையில் இருக்க வேண்டும்?

உழைத்தவர் கையில். இதைக் கேள்வியாகக் கேட்க வேண்டியிருப்பதே வெட்கம். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்ததே 1984இல்தான். அதற்குப் பிறகும் பெண்ணின் சம்பளத்தைப் புருசனோ தகப்பனோ போய் வாங்கிவருவது பல தோட்டங்களில் சாதாரணமாக நடந்தது. கொழுந்து எடுத்த கை ஒன்று, காசை எண்ணிய கை வேறு. இப்போது பேங்க் கார்டு வந்துவிட்டது. கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று பாருங்கள்.

நன்றாக இருக்கும் வீடுகளில் ஒன்று கவனித்தேன். சீட்டு எவ்வளவு, கடைக் கடன் எவ்வளவு, தீபாவளி முற்பணத்தில் எவ்வளவு கழிபடுகிறது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். வளர்ந்த பிள்ளைக்கும் ஓரளவு தெரியும். லோன்காரர் வரும் கிழமையில் அம்மா மட்டும் கக்கூசுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வீட்டில், கடனைவிட அந்தக் கடன் இரகசியமாக இருப்பதுதான் வீட்டைத் தின்கிறது.

அம்மா வெளிநாட்டில். பிள்ளைகள் அம்மாயியிடம். இது சரியில்லாத குடும்பமா?

அப்படிச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. குவைத்துக்கும் சவூதிக்கும் போன அம்மாவைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். அவர் அனுப்பும் காசில் உட்கார்ந்து குடிக்கும் அப்பாவைப் பற்றி ஒரு பேச்சும் வராது. 2013இலிருந்து வீட்டுவேலைக்கு வெளிநாடு போகும் பெண்ணிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். பிள்ளையை யார் பார்ப்பது என்று அம்மாவிடம்தான் கேள்வி.

ஆள் தூரத்தில் இருப்பதால் மட்டும் குடும்பம் கெடாது. பொய்தான் கெடுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளையின் வீட்டில் இருந்தேன். போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்து, பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை போட்டு வரிசையாக நிறுத்தினார்கள். "நல்லா இருக்கோம்மா, நல்லா படிக்கிறோம்மா." அந்தப் பக்கத்திலிருந்தும், "நல்லா இருக்கேன் கண்ணு." மூத்தவளுக்கு இரண்டு கிழமையாகக் காய்ச்சல். அம்மாவுக்கு நாலு மாதமாகச் சம்பளம் இல்லை. இரண்டு பக்கமும் நல்லா இருந்தார்கள்! போனை வைத்ததும் அந்தப் பிள்ளை சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு.

பிள்ளையால் தாங்க முடிகிற அளவு உண்மையைச் சொல்லுங்கள். காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று. எப்போது வருவாய் என்று கேட்டால், தெரிந்தால் மாதத்தைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். "அடுத்த தீபாவளிக்கு" என்று மூன்று தீபாவளி சொல்லாதீர்கள்.

அடிக்காமல் பிள்ளை வளர்க்க முடியுமா? நாங்களெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்?

நானும் வாங்கினேன், கொடுத்தும் இருக்கிறேன். பாடசாலையில் பிரம்பு கூடாது என்று 2005இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் என் மேசை லாச்சியில் அடிமட்டை இருந்தது. திங்கட்கிழமை திங்கட்கிழமை வகுப்பில் தூங்கிய ஒரு பிள்ளையை அதால் அடித்தேன். சனி ஞாயிறு இராத்திரிகளில் அம்மாவோடு தேயிலை மலைக்குள் ஒளிந்துகொண்டு விடியும்வரை முழித்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. படிச் சத்தத்தை எண்ணி வளர்ந்தவள் நான். எனக்கே அது புரியவில்லை. அதற்குப் பிறகு அடிமட்டையைத் தொடவில்லை. அதனால் நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

அடி உடனே வேலை செய்யும், அதுதான் அதன் கவர்ச்சி. எதற்கு அடித்தோம் என்பது பிள்ளைக்கு நினைவிருக்காது, யார் அடித்தார்கள் என்பது மட்டும் இருக்கும். கண்டிப்பு வேண்டும். ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றால், அப்பா நல்ல மூடில் இருக்கும் நாளிலும் ஆறு மணிதான். இன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டதை நாளைக்கு அடித்துத் திருத்துகிற வீட்டில், நேரத்தை விட்டுவிட்டு அப்பாவின் மூடைக் கணக்குப் பார்க்கத்தான் பிள்ளை பழகுகிறது.

மூத்த மகள் எல்லாப் பொறுப்பையும் பார்க்கிறாள். கெட்டிக்காரி. இதில் என்ன தப்பு?

தம்பியைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் எடுப்பது, சோறு வடிப்பதில் தப்பில்லை. அம்மா மலைக்குப் போகும் வீட்டில் பிள்ளை கை கொடுக்கத்தான் வேண்டும். அவள் அம்மாவுக்கே அம்மாவாகிவிட்டாளா என்று பாருங்கள். இராத்திரி அம்மா அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து தேற்றுவது யார்? அப்பாவைச் சாராயத் தவறணையிலிருந்து கூட்டிவரப் போவது யார்? பன்னிரண்டு வயதில் அதைச் செய்பவளை "பெரிய மனுசி" என்று லயமே புகழும். அந்தப் புகழ்ச்சிதான் அவளை ஒருநாளும் "என்னால முடியல" என்று சொல்ல விடாது. சாதாரண தரத்தோடு, அதாவது பதினோராம் ஆண்டோடு, படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போவதும் பெரும்பாலும் இவள்தான். அனுப்புகிறவர்கள் அதைத் தியாகம் என்பார்கள். அவளைக் கேட்டார்களா என்று தெரியாது.

மாமியார் மருமகள் பிரச்சினை?

தனிக் கொப்பி போட வேண்டும்! சுருக்கமாக: மகன் வாயைத் திறந்தால் பாதி தீரும். இரண்டு பெண்களுக்கும் நடுவில் "நான் என்ன செய்ய" என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் அந்த வீட்டின் பிரச்சினை. அடுப்பைப் பிரிப்பதைக் குடும்பம் உடைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அடுப்பு பிரிந்த பிறகு மாமியாரும் மருமகளும் குழம்பு மாற்றிக்கொண்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டு விஷயத்தை வெளியில் சொன்னால் மானம் போய்விடாதா?

லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாலே கேட்கும். நீங்கள் அடி வாங்கியது எட்டுக் காம்பராவுக்கும் தெரியும். காலையில் பீலியில் யாரும் கேட்கவில்லை என்பதால் இரகசியமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அவர்களும் உங்களுக்காக நடிக்கிறார்கள்.

மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். மன்மதன் எரிந்ததும் ரதி அழுவதைப் பார்த்துத் தோட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும். கூத்து முடிந்து வீட்டுக்கு வந்தால் பக்கத்துக் காம்பராவில் உண்மையாகவே ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்போம். நானும் வைத்திருக்கிறேன்.

எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. ஓர் ஆள் போதும். ஒரு சின்னம்மா, ஒரு டீச்சர், குடும்ப நல மாது, யாராவது. சொல்லும்போது "அனுசரிச்சுப் போ" என்று மட்டும் பதில் வந்தால், அடுத்த ஆளிடம் சொல்லுங்கள்.

அடிக்கிறார். தோட்டத் தலைவர் பேசித் தீர்க்கலாம் என்கிறார். பொலிசுக்குப் போகலாமா?

போகலாம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பேசியது உங்கள் உரிமையைப் பறிக்காது. சின்ன மனத்தாங்கலுக்குத் தலைவர் பேச்சு உதவும். கை முறிந்த பிறகு சமாதானம் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கணவன் மட்டுமில்லை, முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்பவர், பெற்றோர், சகோதரர் போன்றவர்களும் அதில் அடங்குவார்கள். அடி மட்டுமில்லை, கடுமையாகத் திரும்பத் திரும்பக் கேவலப்படுத்துவதும் அடங்கும். நீதிவான் நீதிமன்றத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை வரும், 14 நாளுக்குள் விசாரணை. அதற்குப் பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும். அவரை ஜெயிலில் போடுவதற்கான வழக்கு இல்லை இது. உங்களை நெருங்காதே, தொல்லை செய்யாதே என்று கட்டளையிடுவது. அதை மீறினால்தான் அவருக்குத் தண்டனை.

முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம், தமிழ் இந்நாட்டில் அரச கரும மொழி. புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். காயம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், "விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் புத்தகம் மூன்றையும் ஒரு பையில் போட்டு நம்பகமான வீட்டில் வைத்திருந்தால், இராத்திரியில் ஓட வேண்டி வந்தால் கை வெறுமையாக இருக்காது.

பெண்களுக்கு 1938, பிள்ளைகள் விஷயத்துக்கு 1929, மனசு தாங்காத நேரத்துக்கு 1926, உடனே பொலிஸ் வேண்டுமென்றால் 119. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று ஆட்கள் இருக்கிறார்கள். கிராம சேவகரிடம் கேட்டால் எந்த நாளில் இருப்பார்கள் என்று சொல்வார். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. விட்டுவிட்டுப் போன தகப்பனிடம் பிள்ளைக்குச் செலவு கேட்க 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் உண்டு.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் இப்படியேதான் ஆவாரா? மாப்பிள்ளையின் அப்பா குடிகாரர், பெண் கொடுக்கலாமா?

அமெரிக்காவில் சான் டியேகோவில் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சின்ன வயதில் வீட்டில் பட்ட கஷ்டங்களைப் பற்றிக் கேட்டார்கள். முதல் அறிக்கை 1998இல் வந்தது. அடி, அவமானம், குடி, அம்மா அடி வாங்குவதைப் பார்ப்பது என்று நாலு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, பெரியவர்களானதும் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் பல மடங்கு அதிகம். ஆகவே "அதெல்லாம் மறந்திரும்" என்பது சரியில்லை.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் நெருக்கமானது, காரணம் அதுவும் தோட்டக்காட்டுக் கதை. ஹவாயில் காவாய் என்றொரு தீவு, அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்தது. வெளிநாடுகளிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறைந்த ஊர். 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளையும் எமி வெர்னர் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் நாற்பது வயது வரைக்கும் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, சண்டை எல்லாம் சேர்ந்த வீடுகளில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வந்தார்கள். அவர்களுக்குச் சின்ன வயதில் நம்பகமான ஒரு பெரியவராவது இருந்தார் என்பது ஒரு முக்கியமான காரணம். அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாக இருந்தார், பக்கத்து வீட்டுக்காரராக இருந்தார், ஆசிரியராக இருந்தார். பதின்ம வயதில் தடுமாறியவர்களில் பலரும் படிப்பு, நல்ல வேலை, நல்ல துணை கிடைத்ததும் முப்பதுகளில் எழுந்து நின்றார்கள்.

எனக்கு அப்பாயி இருந்தார். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்தவர். பத்தாந்தேதி இராத்திரி எங்களைத் தன் காம்பராவுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைப்பார். காரணம் ஒருநாளும் சொன்னதில்லை, "வாங்க, குளிருது" என்பார், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வந்தால், அவருடைய அப்பாவை விட்டுவிடுங்கள். தன் அப்பாவைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல முடிகிறவர் என்றால் தைரியமாகக் கொடுக்கலாம். "எங்க வீட்டுல ஒரு பிரச்சினையும் இல்ல" என்று ஊரே அறிந்த கதையை மறைத்தால் யோசியுங்கள்.

இதையெல்லாம் என் அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

அடிக்கிறவராக, இப்போதும் ஆபத்தானவராக இருந்தால் சொல்லப் போகாதீர்கள். முதலில் பாதுகாப்பைப் பாருங்கள். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் சொல்லலாம். சம்பள நாள் வேண்டாம், திருவிழா நாள் வேண்டாம், ஆட்கள் முன்னால் வேண்டாம். எதிரெதிரே உட்காராமல், பக்கத்தில் பக்கத்தில் ஏதாவது வேலை செய்துகொண்டே சொல்வது சுலபம். குற்றப்பத்திரிகை வாசிக்காமல் ஒரேயொரு விஷயத்தைச் சொல்லுங்கள்.

நான் சொன்னபோது எனக்கு முப்பத்து நாலு வயது. பீலியில் குடம் நிறைந்துகொண்டிருந்தது. "அப்பா, நீங்க படியேறி வர்ற சத்தத்துக்கு நாங்க மூணு பேரும் பயந்துகிட்டு இருந்தோம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடம் நிறைந்து வழிந்தது, அதைக்கூட எடுக்கவில்லை. பிறகு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேலே போனார்.

குடி அதற்குப் பிறகும் நிற்கவில்லை, குறைந்தது. ஆனால் அந்த மாதத்திலிருந்து, குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும், கீழே பீலிக்குப் பக்கத்தில் நின்று ஒருதரம் செருமிவிட்டுத்தான் படியேறினார்.